தேய்மானம் சொல்லும் சேதி

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஆட்களும் பெட்டிகளும் ஏறிய ஒரு சின்ன காரின் மொத்த எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது குன்னூர் வழியாகக் கீழே வந்து சேரும்போது, 1,900 மீட்டர் உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜூல் வருகிறது. அதே கார் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் ஜூல்தான். ஆக, பிரேக்கை மட்டும் நம்பி அந்த மலையை இறங்குவது, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து அடுத்தடுத்து 48 முறை காரை நிறுத்துவதற்குச் சமம்.

இவ்வளவையும் வாங்கிக்கொள்ள நம் காரில் இருப்பவை உள்ளங்கை அளவுகூட வராத சில துண்டுகள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரேக் பேடுகள். புதிதாக இருக்கும்போது அவற்றின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். தேய்வதற்கென்றே செய்த பொருள் அது.

பொறுமையும் சரியான கருவிகளும் உள்ள எவரும் முன்சக்கர பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். கூலி மிச்சமாவது உண்மைதான். அதைவிடப் பெரிய லாபம், சக்கரம் கழன்றிருக்கும் அந்தச் சிறிது நேரம். மற்ற நாட்களில் கண்ணில் படாத ஹோஸ், ஆக்சில் பூட், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் அப்போது எதிரே இருக்கும். தேய வேண்டிய பாகம் சீராகத் தேய்ந்திருந்தால் வண்டி நலமாக இருக்கிறது. அது கோணலாகத் தேய்ந்திருந்தாலோ, தேயக் கூடாத பாகம் தேய்ந்திருந்தாலோ, எங்கோ ஒரு கோளாறு தொடங்கிவிட்டது. அதைப் பார்த்தறியக் கற்றுக்கொண்டால் காரைப் பற்றிய பல கேள்விகளுக்கு நாமே விடை சொல்லலாம்.

வேகம் சூடாகிறது

பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே ஒரு முறை காரை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம், அறை வெப்பநிலையில் உள்ள ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. சின்ன கார்கள் பலவற்றில் முன்னால் பேடுகள் கவ்வும் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைத்திருப்பதற்கும், முன் பேடுகள் சீக்கிரம் தேய்வதற்கும் இதுவே காரணம். ஐந்து கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒன்று, அப்படி ஒரு முறை நிறுத்தும்போதே 65 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகச் சூடேறும். ஆற நேரம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

மலைப்பாதைகளில் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், ஆற்றலில் பெரும்பங்கை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். பிரேக்குக்கு வளைவுகளில் மட்டும் வேலை.

காலிலிருந்து சக்கரம் வரை

மிதிக்கும் கால் தருவது 20 கிலோ எடைக்கு ஈடான விசை என்று கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அதை நான்கு மடங்காக்குகிறது. எஞ்சின் தரும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்கும் பூஸ்டர் அதை மேலும் மூன்று நான்கு மடங்காக்குகிறது. பிறகு வருவது பாஸ்கல் விதி: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருக்கும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு சுமார் 20 மில்லிமீட்டர், சக்கரத்தில் உள்ள பிஸ்டனுடையது சுமார் 50 மில்லிமீட்டர் என்றால், பரப்பு ஆறு மடங்கு. விசையும் ஆறு மடங்கு. முடிவில் பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் விசை ஒன்றரை டன் எடைக்கு மேல் போய்விடுகிறது. எஞ்சின் நின்றுபோனால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகுவது பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்துவிடுவதால்தான். பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பாகம்தான் காலிப்பர். சின்ன கார்களில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். அது உள் பேடை டிஸ்கின் மேல் தள்ளும். தள்ளிய வேகத்தில் காலிப்பர் முழுவதும் எதிர்த்திசையில் நகர்ந்து வெளி பேடையும் டிஸ்கோடு சேர்த்து இழுக்கும். இப்படி நகர்வதற்கு ஸ்லைடு பின் என்ற இரண்டு உருளைக் கம்பிகள் உண்டு. அவை வழுக்கினால்தான் இரண்டு பேடும் சம வேலை செய்யும்.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் ஆயில் கசியாமல் தடுப்பது அதன் வேலை என்றுதான் நினைப்போம். உண்மையில் மூன்று வேலை பார்க்கிறது. அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். பிரேக் மிதித்ததும் பிஸ்டன் முன்னே நகர, அதைப் பற்றியிருக்கும் ரப்பரும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பின்னுக்கு இழுக்கும். பேட் டிஸ்கை உரசாமல் விலகி நிற்பது இதனால்தான். பேட் தேயத் தேய பிஸ்டன் கூடுதலாக முன்னே வர வேண்டியிருக்கும். அப்போது ரப்பரின் பிடியில் கொஞ்சம் வழுக்கிப் புதிய இடத்தில் நின்றுகொள்ளும். ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. ஒரு ரப்பர் வளையம் கசிவைத் தடுத்து, பேடை விலக்கி, தேய்மானத்தையும் ஈடுகட்டுகிறது. மெலிந்த பேடைக் கழற்றியதும் பிஸ்டன் வெகுவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதிய தடித்த பேடுக்கு இடம் வேண்டுமானால் அதை உள்ளே தள்ள வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

பேடுக்குள் இருப்பது

பிரிட்டனின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய செம்புப் பேடுகள் காது கிழியக் கத்தின. உராய்வுக்கு ஏற்ற பொருளைத் தேடும் முயற்சியை அதற்கு முன்பே, 1897-இல், டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கியிருந்தார்; அவர் நிறுவியதுதான் ஃபெரோடோ. 1953-ஆம் ஆண்டு லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் டிஸ்க்கின் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழிலில் பெரிய பங்கு உண்டு. சென்னை பாடியில் 1960-களின் தொடக்கத்தில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியதிலிருந்து, இந்திய வாகனங்களின் பிரேக் பாகங்களில் கணிசமானவை இந்த மண்ணில்தான் உருவாகின்றன.

இன்றைய பேட் என்பது ஒரு இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய கலவை. ஃபீனாலிக் பிசினே அதைப் பிணைத்து வைக்கிறது. அதற்குள் நார்கள், உலோகத் தூள், கிராஃபைட், தேய்ப்பான் துகள்கள் என்று பலவும் கலந்திருக்கும். ஒரு காலத்தில் கல்நார் முக்கியப் பொருளாக இருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பிறகு, தரமான தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். ஆனாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத மலிவு பேடுகளை வாங்காதிருப்பது நல்லது. எந்த பேடாக இருந்தாலும் அதன் தூசியை வாயால் ஊதவோ, காற்றழுத்தக் குழாயால் அடிக்கவோ கூடாது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முகக்கவசம் அவசியம்.

பேட் டிஸ்கை நேராகச் சுரண்டித்தான் வண்டியை நிறுத்துகிறது என்பது பாதி உண்மை. பழகிய பேட், தன் பொருளிலேயே மெல்லிய ஒரு படலத்தை டிஸ்க்கின் மேல் பூசி வைக்கும். பிறகு பேடுக்கும் அந்தப் படலத்துக்கும் இடையே ஒட்டுவதும் அறுவதுமாகவே உராய்வில் பெரும்பகுதி நடக்கிறது. சூடு எல்லை மீறும்போது பிசின் சிதையத் தொடங்கி, வெளிவரும் வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே புகும். காலுக்குக் கீழே பெடல் உறுதியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. நீண்ட மலையிறக்கத்தில் கருகல் வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் அறிவுரை மட்டுமல்ல, வேதியியலும் அதைத்தான் சொல்கிறது.

ஜாக்கியை எடுப்பதற்கு முன்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குவது வழக்கமாக இருக்கிறது. அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்க வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை முடித்துவிடலாம். டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் குற்றவாளி தெரிந்துவிடும்: ஆட்டம் நின்றால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட். அடுத்து 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டையோ ஸ்டீயரிங் ரேக்கையோ சந்தேகிக்க வேண்டும். கடைசியாக கியரை நியூட்ரலில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே சுருள் ஸ்பிரிங்கின் மேல் மற்றொரு கையை வைத்துப் பாருங்கள். பேரிங் கெட்டிருந்தால் நறநறவென்ற அதிர்வு விரலில் தெரியும். ஓடும்போது வேகத்தோடு கூடும் முனகல் சத்தமும், வளைவில் அது மாறுவதும் அதே நோயின் அடையாளம்.

காலிப்பரைத் திறந்தால்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் காலிப்பர் வெளியே தெரியும். பெரும்பாலான சின்ன கார்களில் அதன் பின்னால் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். கீழ் போல்ட்டைக் கழற்றினால் காலிப்பரை மேலே தூக்கிவிடலாம். முழுவதுமாகக் கழற்றினால் அதைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸின் மேல் அந்தப் பாரம் விழக் கூடாது. ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் கைவைக்க வேண்டும். எந்த கிளிப் எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கம் விடை சொல்லும்.

கழற்றிய பேடுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு செய்தித்தாளை விரித்து, இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று எழுதி அதன்மேல் வரிசையாக வையுங்கள். இந்த நான்கு துண்டுகளையும் ஒப்பிட்டாலே பிரேக்கின் உடல்நலம் விளங்கிவிடும்.

நான்கும் ஏறத்தாழ ஒரே தடிமனில் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. புதிது மாட்டலாம். உள் பேட் மட்டும் மிக மெலிந்திருந்தால், ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் இருக்கலாம். கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் மழைநீரும் பின்னின் ரப்பர் உறைக்குள் புகுந்தால் இது சீக்கிரமே நடக்கும். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். இடதும் வலதும் வித்தியாசப்பட்டால் ஒரு பக்கத்து பிஸ்டனோ ஹோஸோ சரியில்லை. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பேடின் முகம் கண்ணாடியாகப் பளபளத்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புதிய பேடைப் போடுவது வீண்.

இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பேடை மட்டும் மாற்றினால், நோய் அப்படியே இருக்கும். புதிய பேடும் அதே கோணலில் தேயும். ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடி சத்தம் வருகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு இறுகிப்போன ஸ்லைடு பின்னே மூலகாரணம்.

பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். உராய்வுப் பொருள் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். ஓட்டுநருக்கு எச்சரிக்கை தரவே அது இருக்கிறது. அதையும் கேளாமல் ஓட்டினால் பேடின் இரும்புத் தகடே டிஸ்கை அறுக்கத் தொடங்கும். கீச்சொலி கரகரப்பாக மாறிவிட்டால் பேடின் விலையோடு டிஸ்கின் விலையும் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

டிஸ்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அது சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. அதற்குள் செதில் செதிலாகப் பரவியிருக்கும் கிராஃபைட் வெப்பத்தைக் கடத்துகிறது, அதிர்வையும் அடக்குகிறது. மழையில் நின்ற இரவுக்குப் பிறகு காணும் மெல்லிய செந்துரு, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. விளிம்பில் எழும்பி நிற்கும் மேடு, விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கோடுகள், மயிரிழை விரிசல்கள் ஆகியவைதான் கவலைக்குரியவை. ஒவ்வொரு டிஸ்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து அதற்குக் கீழே போயிருந்தால் கடைந்து ஒப்பேற்றாமல் புதிது வாங்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. பேடின் பொருள் ஓரிடத்தில் கூடவும் வேறிடத்தில் குறையவும் படிந்து, தடிமனில் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் வந்தாலே கை நடுக்கத்தை உணர்ந்துவிடும்.

பொருத்தும் முறை

முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் மெலிய மெலிய பிஸ்டன் வெளியே வருவதால், அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் அளவு இறங்கியிருக்கும். இடையில் யாராவது அதை மேல்கோடு வரை நிரப்பியிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பேட் தேயாமலே அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

பிஸ்டனின் மேல் பழைய பேடை வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக, நேராக அழுத்துங்கள். சீராக உள்ளே போக வேண்டும். முரண்டு பிடித்தாலோ, அதைச் சுற்றியுள்ள தூசி உறை கிழிந்து ஈரமாக இருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை அழைப்பது நல்லது. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே கொண்டுபோக முடியும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ளவற்றுக்குத் தனி முறை உண்டு. அவற்றைப் பழகாதவர் தொட வேண்டாம்.

ஸ்லைடு பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் அதிவெப்ப கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்து, பின்னை மறுபடி சிக்க வைக்கும். பேடின் காதுகள் உட்காரும் இடத்தை வயர் பிரஷ்ஷால் துருப்போகத் தேய்த்து, புதிய கிளிப்புகளை மாட்டி, காதுகளுக்கு மட்டும் துளி கிரீஸ் தடவலாம். உராயும் முகத்திலும் டிஸ்கிலும் எண்ணெய்ப் பசையே படக் கூடாது. போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும். சின்ன கார்களின் வீல் நட்டுகளுக்கு அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

இப்போது மிக முக்கியமான படி. வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் புதிய பேடைத் தொட இன்னும் வரவில்லை; முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். நான்கைந்து மிதிக்குப் பிறகுதான் இறுகும். இதை மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினால், பிரேக்கே இல்லாத கார் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். இறுகிய பிறகு ஆயில் அளவைச் சரிபார்த்து, நடை வேகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும்.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதும் நிறுத்தாமல், மிதமாகப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆற இடைவெளி வேண்டும். முன்பு சொன்ன அந்த மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படிவதற்கான பயிற்சி இது. அதுவரை புதிய பேடின் பிடிப்பு முழுமையாக இருக்காது.

சக்கரம் கழன்றிருக்கும்போதே

பிரேக் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்போ புடைப்போ இருந்தால் மாற்ற வேண்டும். சில நேரம் வெளியே நன்றாக இருந்தும் உள்சுவர் சுருங்கிவிடும். அப்போது போன அழுத்தம் திரும்பி வராமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதிக்கும்.

ஆக்சிலின் நுனியில் உள்ள ரப்பர் பூட்டைச் சுழற்றி மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. அந்த நிலையில் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ஆக்சில் ஜாயிண்ட்டையே தின்றுவிடும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் காலம் கடந்திருக்கும்.

ஷாக் அப்சார்பரின் மேல் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அதன் சீல் போய்விட்டது. லோயர் ஆர்மின் புஷ் ரப்பரில் ஆழமான வெடிப்பும், லிங்க் ராடு முனையில் ஆட்டமும் இருந்தால், மோசமான சாலையில் கேட்கும் கடகடச் சத்தத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

டயரும் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் தவறு. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழிகள் இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே டயரை மாற்ற வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

ஆயிலுக்கும் வயது உண்டு

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது பெட்ரோலிய எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர் சார்ந்தவை. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். மலையிறக்கத்தில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால், பெடல் குமிழியை மட்டும் அமுக்கிவிட்டுத் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏ.பி.எஸ். உள்ள கார்களில் ஏர் லாக் எடுக்கச் சில சமயம் தனிக் கருவி தேவைப்படும் என்பதால் இதைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே சரி.

தேய்ந்தது எங்கே போகிறது

பேடிலிருந்து காணாமல்போன அந்த 7 மில்லிமீட்டர் காற்றிலும் சாலையோரத்திலும் நீரோடையிலும்தான் சேர்ந்திருக்கிறது. மழைநீரோடு ஆறுகளுக்குப் போகும் செம்பு மீன்களைப் பாதிக்கிறது என்று கண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-இலேயே பேடில் உள்ள செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள், புகைக்கு வரம்பு வைத்ததைப் போலவே பிரேக் தூசிக்கும் முதல் முறையாக வரம்பு வைத்திருக்கின்றன. மின்சார கார்கள் மோட்டாரையே கொண்டு வேகத்தைக் குறைத்து ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பிவிடுவதால் அவற்றின் பேடுகள் வெகுநாள் வரும். அதிகம் வேலை இல்லாததாலேயே டிஸ்கில் துருவும் பின்களில் இறுக்கமும் வர வாய்ப்புண்டு என்பதால், அவற்றையும் அவ்வப்போது கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

எல்லாரும் எல்லா வேலையையும் வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேடை மாற்றலாம், பின்னுக்கு கிரீஸ் போடலாம், பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பால் ஜாயிண்ட், பேரிங், ஹோஸ், ஆயில் மாற்றம் போன்றவை கைதேர்ந்தவரின் வேலை. ஆனால் எதற்காக அவரிடம் போகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது மலைப்பயணத்துக்கு முன், நான்கு பேடின் தடிமனையும் பார்த்து வாகனக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். சர்வீசுக்கு விட்டால் கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி, உள்ளும் வெளியும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமமாக இல்லையென்றால் "ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்கு மகிழ்வார். காரணத்தையும் காட்டிச் சொல்வார்.